நைட் டியூட்டியில் செபமாலையை விட்டு விட்டுச் சொல்லலாமா?

கடலோரம்:

எல்லோருக்கும் இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

நான் சென்னையில் ஐசியு நர்ஸ். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். சாயங்காலம் கோவில் மணி அடித்தால் யார் எங்கே நின்றாலும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மூவேளை செபம், 53 மணி செபமாலை, மாதாவைப் பல பெயர்களால் அழைத்து வேண்டும் மன்றாட்டு மாலை எல்லாம் முடித்து, பெரியவர்களிடம் நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்ட பிறகுதான் சோறு. அப்படி வளர்ந்தவளுக்கு இப்போது ஒரு செபமாலை முழுதாக முடிவதில்லை.

இரவு 2 மணிக்கு வார்டு கொஞ்சம் அடங்கும். அப்போது ஆரம்பிப்பேன். முதல் பத்து, அதாவது பத்து 'அருள் நிறைந்த மரியே' செபம், முடிவதற்குள் ஒரு மானிட்டர் அலறும், இல்லையென்றால் யாருக்காவது ட்ரிப் தீர்ந்துவிடும். அம்மாவிடம் சொன்னால், "நடுவில் எழுந்தால் பலன் இல்லை, முதலில் இருந்து சொல்லு" என்கிறார். அப்படிப் பார்த்தால் விடியும்வரை முதல் பத்தைத் தாண்ட முடியாது.

இன்னும் இரண்டு சந்தேகம். வியாழன் இரவு டியூட்டிக்கு வந்து, வெள்ளி அதிகாலையில் சொல்லும்போது, கிழமைப்படி தியானிக்கும் இயேசுவின் வாழ்க்கை நிகழ்வுகளில் வியாழனுக்குரிய ஒளியின் மறையுண்மையா, வெள்ளிக்குரிய துயர மறையுண்மையா? எங்கள் வார்டில் கையில் மோதிரம், கயிறு எதுவும் போடக்கூடாது, அதனால் மோதிர செபமாலையும் முடியாது. பத்தை எப்படி எண்ணுவது?

மில் ஷிஃப்ட்:

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன் தங்கச்சி. மில்லில் எங்களுக்கும் கையில் எதையும் மாட்டிக்கொள்ள முடியாது. கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் தொடங்குங்கள். ஒரு விரலுக்கு மூன்று கணு, மூன்று விரலுக்கு ஒன்பது அருள் நிறைந்த மரியே. பத்தாவதுக்குச் சுண்டுவிரல் நுனி. அங்கேயே கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு பத்தை முடிக்கும் திரித்துவப் புகழ் சொல்லிவிடலாம். எத்தனையாவது பத்து என்பதை இடது கை விரலை மடக்கி வைத்துக்கொள்வேன். கையுறை போட்டிருந்தாலும் கணு தட்டுப்படும்.

முத்துநகர்:

தங்கச்சி, தூத்துக்குடியில் பல வருடம் மறைக்கல்வி எடுத்தவன் நான், மரியாயின் சேனை என்ற பக்தசபையிலும் இருக்கிறேன். உங்கள் அம்மா சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். அதற்கு ஒரு காரணம் உண்டு, ஆனால் அது வேறு விஷயத்துக்கு உரியது.

பரிபூரண பலன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கு மிஞ்சியிருக்கும் தண்டனை முழுவதும் நீங்குவது அது. செபமாலையைக் கோவிலிலோ குடும்பமாகவோ சேர்ந்து சொல்பவர்களுக்குத் திருச்சபை அதைத் தருகிறது. பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம், பாவத்தின் மேல் பற்றில்லாத மனம் என்ற வழக்கமான நிபந்தனைகள் உண்டு. அதோடு, ஐந்து பத்தையும் இடைவிடாமல் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. பழைய ஆட்கள் மனதில் இதுதான் 'நடுவில் நிறுத்தினால் பலன் இல்லை' என்று தங்கிவிட்டது. அந்த நிபந்தனை பரிபூரண பலனுக்கு மட்டும்தான். செபம் செபமாக இருப்பதற்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. 2 மணிக்கு ஒரு பத்து, 4 மணிக்கு ஒரு பத்து, காலையில் பஸ்ஸில் மூன்று என்று சொன்னாலும் மாதாவிடம் அது போய்ச் சேருகிறது. விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். மணி மறந்துபோனால் அந்தப் பத்தின் தொடக்கத்துக்குப் போங்கள், போதும்.

மானிட்டர் சத்தம் கேட்டு எழுந்து போவதைச் செபம் கெட்டுப்போவதாக நினைக்காதீர்கள். பல பங்குகளில் வின்சென்ட் தெ பவுல் சபை இருக்கிறதே, அந்தப் புனிதர் 1633-இல் புனித லூயிசாவோடு சேர்ந்து அன்பின் புதல்வியர் சபையைத் தொடங்கினார். நோயாளிகளைப் பார்க்கும் அந்தச் சகோதரிகளிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: செப நேரத்தில் ஓர் ஏழைக்கு மருந்து கொண்டுபோக வேண்டி வந்தால் கலங்காமல் எழுந்து போங்கள், கடவுளை விட்டுக் கடவுளிடம்தான் போகிறீர்கள். உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆலோசனை எனக்குத் தெரியவில்லை.

மனம் அலைபாய்வதைப் பற்றியும் கவலை வேண்டாம். தொடங்கும்போது வைத்த கருத்தின் பலம் செபம் முழுவதையும் தாங்கும் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதியிருக்கிறார். அதனால் முதல் சிலுவை அடையாளம் போடும்போதே யாருக்காக என்று சொல்லிவிடுங்கள். படுக்கை எண்ணைச் சொன்னாலும் போதும், மாதாவுக்கு ஆள் தெரியும்.

மறையுண்மை எது என்ற கேள்விக்கு: தேதிப்படி பார்த்தால் வெள்ளி, துயர மறையுண்மை. ஆனால் 2002-இல் இரண்டாம் ஜான் பால் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்து வியாழனுக்கு வைத்தபோதே, இந்தக் கிழமை ஒழுங்கு யாருடைய சுதந்திரத்தையும் கட்டுப்படுத்துவதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால், நோயாளிகள் நடுவில் நிற்கும் உங்களுக்கு, இயேசு பாடுகளுக்கு முந்தின இரவில் வேதனையோடு செபித்த கெத்சமனித் தோட்டம் எந்த இரவிலும் பொருந்தும்.

கடலோரம்:

ஐயா, ரொம்ப நன்றி. வின்சென்ட் தெ பவுல் சொன்னதை அம்மாவுக்கு அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "புனிதர் சொன்னா சரிதான்" என்று பதில் வந்தது. அண்ணா, கணுக்கணக்கு நன்றாக வேலை செய்கிறது.

இன்னும் ஒன்று. ஆஃப் நாளில் அம்மா போனில் கூப்பிட்டு, அங்கே வீட்டில் சொல்லும்போது என்னையும் ஒரு பத்து முன்சொல்லச் சொல்கிறார். அப்படிப் போனில் சேர்வது சரிதானா? மன்றாட்டு மாலை வரைக்கும் இருக்க வேண்டுமா?

முத்துநகர்:

தாராளமாகச் சேருங்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ரோமிலிருந்து ஒரு சிறப்புச் சலுகை வந்தது ஞாபகம் இருக்கும். நோயாளிகளுக்கும், அவர்களைப் பார்த்துக்கொண்ட உங்களைப் போன்றவர்களுக்கும், ஊடகம் வழியாகச் செபமாலையில் மனதால் இணைந்தால்கூடப் பரிபூரண பலன் உண்டு என்றார்கள். அது அந்தக் காலத்துக்கான சலுகை. ஆனாலும், தூரத்தில் இருந்து சேர்வதைத் திருச்சபை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு அது போதாதா?

மன்றாட்டு மாலை செபமாலையின் பகுதி கிடையாது, கடைசியில் சேர்த்துச் சொல்வது நம் பழக்கம். நேரம் இல்லாவிட்டால் 'கிருபை தயாபத்து' செபத்தோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் முடிந்த நாளில் விடாதீர்கள். 'நோயாளிகளுக்கு ஆரோக்கியமே' அதில்தான் வருகிறது. 2020 ஜூனில் திருத்தந்தை பிரான்சிஸ் மூன்று வேண்டுதல்களைச் சேர்த்தார். அதில் ஒன்று, ஊரை விட்டு வெளியே போய்ப் பிழைப்பவர்களுக்கு ஆறுதலாக மாதாவை அழைப்பது. அம்மா வைத்திருக்கும் புத்தகம் பழையதாக இருந்தால் இந்த மூன்றும் இருக்காது, பங்குச் சாமியாரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.