விழப்போற பல்லுதானே?

(பிள்ளைங்க பால்பல்லுச் சொத்தையைப் பத்திக் குமரி மாவட்டத்துல ஊருக்கு ஒருத்தரா ஒரு குழுவுல பேசிக்கிட்டது. பேருக்குப் பதிலா ஊரு.)

மார்த்தாண்டம், பல் கிளினிக்:
அஞ்சு வயசுப் பிள்ளை. கீழ்க் கடவாப்பல்லு சீழ் கட்டி கன்னம் வீங்கியிருக்கு. கூட வந்த பாட்டி சொன்னது இன்னும் காதுலயே நிக்குது: "விழப்போற பல்லுதானே டாக்டரே, எடுத்துப் போடுங்க." விழும்தான், ஆனா 10, 12 வயசுல. ஆறு வயசுல அதுக்குப் பின்னால நிரந்தரக் கடவாப்பல்லு முளைக்கும். முன்னால பல்லு இல்லேன்னா அது சாஞ்சு வந்து இடத்தை அடைச்சிரும். அடியில இருக்கிற பல்லு கோணலா வரும், இல்லேன்னா உள்ளேயே மாட்டிக்கும். இடம் காக்கிற கம்பி வளையம் போடலாமேன்னு கேப்பாங்க. அதைப் பின்பல்லுல மாட்டணும், அஞ்சு வயசுல அந்தப் பல்லு ஏது? ஈறுக்குள்ள தகடு இறக்குற வகைதான் கதி. அதுக்கு வேரைச் சுத்தம் பண்ணி மருந்து அடைச்சு ஸ்டீல் கேப் போடுறது எவ்வளவோ மேல்.

குளச்சல் பக்கம், அங்கன்வாடி:
ஒண்ணரை வயசு. மேலுதட்டைத் தூக்கினா நாலு முன்பல்லுலயும் ஈறோரமா சுண்ணாம்புக் கோடு. பாலாடைன்னு நினைச்சு தாயி முந்தானையால தேய்க்கியா, தேய்க்கியா, போகல்ல. கீழ்ப்பல்லு பளிச்சுன்னு இருக்கு, அதை நாக்கும் எச்சிலும் காக்கும். ராத்திரி கருப்பட்டிப் பால், பாட்டில் வாயிலயே உறக்கம். கோடா இருக்கும்போதே ஃப்ளூரைடு வார்னிஷ் பூசினா நிறுத்தலாம். குழி விழுந்தாச்சுன்னா அடைக்கணும்.

தக்கலை:
கருப்பட்டியைக் குறை சொல்லாதீங்க. பாக்கெட் பிஸ்கட்டைச் சொல்லுங்க.

நாகர்கோவில், குழந்தைப் பல் பிரிவு:
தக்கலை அண்ணே, பிஸ்கட்டும் தப்புதான். ஆனா கருப்பட்டியிலயும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனியில உள்ள அதே சர்க்கரை. கிருமிக்குப் பனையும் தெரியாது, கரும்பும் தெரியாது. உறங்கும்போது எச்சில் குறையும், அமிலம் பல்லுலயே தங்கும். பால்பல்லு எனாமலும் மெல்லிசு, சொத்தை வெரசா நரம்புக்குப் போயிரும். பாட்டிலை ஒரே நாள்ல பிடுங்கினா வீடு ரெண்டாகும். இனிப்பை முதல்ல நிறுத்துங்க, அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா கொஞ்சம் கொஞ்சமா தண்ணி கூட்டுங்க. வெறும் தண்ணியானதும் பிள்ளையே தள்ளி விட்டிரும். பேஸ்ட் டியூபைத் திருப்பிப் பாருங்க, ஃப்ளூரைடு 1000 பிபிஎம் இருக்கணும். பிள்ளைங்க பேஸ்ட் சிலதுல அது கிடையவே கிடையாது. மூணு வயசு வரை அரிசிமணி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு. பிள்ளையை மடியில மல்லாக்கக் கிடத்தி, தலைமாட்டுல இருந்து தேய்ச்சாதான் கடவாப்பல்லு தெரியும். பல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா பிரஷ் இடையில போகாது, நூல் விடணும். ராத்திரி தேய்ச்ச பிறகு தண்ணி மட்டும்.

தக்கலை:
நான் கருப்பட்டியைத்தானே சொன்னேன்!

குலசேகரம்:
சொத்தையை நிறுத்தச் சில்வர் மருந்து பூசின இடத்துல ஒரு தாய் போட்ட சண்டை மறக்காது: "பிள்ளைக்க பல்லைக் கருக்கிட்டீங்களே!" சொத்தை கருத்துக் கெட்டிப்பட்டா மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அந்தக் கருப்பு போகாதுன்னு பூசுறதுக்கு முன்னாலயே சொல்லி, கையெழுத்தும் வாங்கிரணும். உதட்டுல வாசலின் தடவிக்கிடுங்க. தோல்ல பட்ட கறை சில நாள்ல போயிரும், சட்டையில பட்டது போகாது.