ஜெர்மனியில் முதுகலை: படிப்புக்கு நடுவே போன பயணங்களில் இன்னும் மனத்தை உறுத்துவது எது?

கெம்னிட்ஸ்வாசி

இரண்டு வருடமாக இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பிப்ரவரித் தேர்வு நாட்கள் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தேர்வுப் பட்டியல் வரும் முன்பே, நவம்பரில், நாங்கள் நான்கு பேர் பெர்லினிலிருந்து லிஸ்பனுக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று விமான டிக்கெட் எடுத்துவிட்டோம். பட்டியல் வந்தபோது எனக்கு மட்டும் ஒரு பாடம் பயணத்தின் மூன்றாம் நாளில் விழுந்தது. அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அப்படியானால் கெடுவுக்குள் பெயரை நீக்க வேண்டும். இன்று, நாளை என்று தள்ளினேன். நடுவில் ஆய்வக அறிக்கை வந்தது. கெடு எப்போது முடிந்தது என்றே எனக்குத் தெரியாது.

காபோ டா ரோகாவில் நிற்கிறேன். ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்குக் கோடி அது. 140 மீட்டர் உயரப் பாறை, கீழே அட்லாண்டிக். காற்று காதை அடைக்கிறது. தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அம்மாவுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். திரையின் மேல் ஒரு செய்தி இறங்கியது. வகுப்பு நண்பன் ஒரு படம் அனுப்பியிருந்தான். தேர்வுக் கூடத்தின் கதவில் நான்கு மூலையிலும் டேப் ஒட்டிய இருக்கைப் பட்டியல். அதில் என் பதிவு எண், எதிரே 43. கீழே அவன் எழுதியிருந்தது ஒரே வரி: “நீ பெயரை நீக்கவில்லையா?”

லிஸ்பனில் அப்போது மணி ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நான் படிக்கும் கெம்னிட்ஸில் இரண்டாகப் போகிறது. நான் வராமலேயே 5.0, அதாவது தோல்வி மதிப்பெண், விழுந்தது. மூன்று வாய்ப்பில் ஒன்று போயிற்று. அந்தப் பாடத்துக்கு வருடத்துக்கு ஒரு முறைதான் தேர்வு என்பதும் திரும்பி வந்த பிறகே தெரிந்தது. ஆய்வேட்டைத் தொடங்குவது தள்ளிப்போய்விட்டது. கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் இப்போதும் எனக்கு அந்த டேப் ஒட்டிய தாள்தான் நினைவுக்கு வருகிறது.

இசார்கரை

எனக்கு நேர்ந்தது பத்தே நிமிடம்தான். ஆனாலும் மனத்தை விட்டுப் போகவில்லை.

மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் ஒரு நாள் பயணம். வட்டார ரயில்களுக்கான மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் ஆஸ்திரிய எல்லை தாண்டி சால்ஸ்பர்க் நிலையம் வரை போகலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அது வெளிநாடு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. ஏதோ பக்கத்து ஊருக்குப் போவதுபோல் குடியிருப்பு அட்டையை மட்டும் பணப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாஸ்போர்ட் அறையில் அலமாரியில். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கருத்தரங்கில் என் முறை. திரும்பும்போது ரயிலில் உட்கார்ந்து அதற்கான பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

எல்லை தாண்டியதும் வரும் ஜெர்மன் நிலையமான ஃப்ரைலாசிங்கில் போலீஸ் ஏறியது. எங்கள் பெட்டியில் அவர்கள் நின்றது என் முன்னால் மட்டும். அட்டையைக் கொடுத்தேன். பாஸ்போர்ட் கேட்டார்கள். இல்லை என்றேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். பையை எடுத்துக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். எதிர் இருக்கையில் ஆறு வயதுப் பெண் குழந்தை. அது தன் அம்மாவிடம் கேட்டது: “வாஸ் ஹட் டேர் மான் கெமாக்ட்?” அந்த ஆள் என்ன செய்துவிட்டார்?

நான் ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற தொடக்க நிலைத் தேர்வு தேறி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ரயிலில் பிறர் பேசும் ஜெர்மன் எனக்குச் சத்தம் மட்டும்தான். முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் புரிந்தது, அது இதுவாக இருந்தது. அந்தத் தாய் என்ன பதில் சொன்னாள் என்று கேட்பதற்குள் கதவு மூடிவிட்டது. சரிபார்த்துவிட்டு அடுத்த ரயிலுக்கு விட்டுவிட்டார்கள். கருத்தரங்கில் நன்றாகவே பேசினேன். ஆனால் அந்தத் தாயின் பதிலை இன்றுவரை நானே விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூத்தவன்75

தம்பி இசார்கரை, வருத்தமாக இருக்கிறது. ஆனால் அட்டை மட்டும் போதாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அட்டையும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் சேர்ந்துதான் எல்லை தாண்ட உதவும். ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைக்கத் தொடங்கியது. ஆஸ்திரியப் பக்கம் 2015-லிருந்தே உண்டு. ஆகவே பிராகாவோ சால்ஸ்பர்க்கோ ஸ்ட்ராஸ்பூர்கோ, அரை நாள் பயணம் என்றாலும் பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும்.

இன்னொன்று. நம் அட்டையை வைத்து, பொது விசா ஒப்பந்தத்தில் உள்ள ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் சுற்றலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. இங்கேதான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். நானே விழுந்தேன். டப்ளினுக்கு டிக்கெட் எடுத்து, விமானம் ஏறும் வாசல் வரை போய், விசா எங்கே என்று கேட்டபோது பேசாமல் நின்றேன். என் கதை அவ்வளவுதான். பிரிட்டனுக்கும் தனி விசா வேண்டும். குரோஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனில் சேர்ந்தது. ருமேனியாவும் பல்கேரியாவும் விமானம், கப்பல் வழிக்கு 2024 மார்ச் இறுதியிலும், தரை வழிக்கு 2025 ஜனவரியிலும் சேர்ந்தன. பழைய பதிவுகளை நம்பி அங்கே போகப் பயப்பட வேண்டாம்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ரயிலில் சுற்ற உதவும் இன்டர்ரெயில் பாஸ் நமக்குக் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பது கணக்கில்லை, ஐரோப்பாவில் வசிக்கிறோமா என்பதுதான் கணக்கு. நாமும் வாங்கலாம். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி வேக ரயில்களுக்கு இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி. ஜெர்மனியில் ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கு, இரண்டு மணி நேரமானால் பாதி திரும்பக் கிடைக்கும். விண்ணப்பிக்கச் சோம்பல்பட வேண்டாம். ஊருக்குப் போகிறவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் முன் அனுமதி இல்லாமல் குடியிருப்பு அனுமதியே காலாவதியாகும். அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருக்கும்போது தரும் அந்த மடித்த தாள், ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங், அதில் மூன்றாவது கட்டத்தில் குறியிட்டிருந்தால் அதையும் பழைய அட்டையையும் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு தைரியமாகத் திரும்பி வரலாம்.

கெம்னிட்ஸ்வாசிக்கு: தேர்வுப் பட்டியல் வரும் முன் டிக்கெட் எடுக்காதீர்கள். விடுமுறை என்று நாம் சொல்கிற மார்ச்சும் செப்டம்பரும் வகுப்பில்லாத காலம்தான், விடுமுறை அல்ல. தேர்வும் அறிக்கையும் அதற்குள்தான் வரும்.

ஆகன்பறவை

மூத்தவன் எழுதியதெல்லாம் சரி. கெம்னிட்ஸ்வாசி எழுதியதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு தேர்வை விடும் மனம் எங்கிருந்து வருகிறது? நான் 2023-இல் வந்தபோது விசாவுக்காக முடக்கிவைக்கும் வங்கிக் கணக்கான பிளாக்டு அக்கவுண்டில் காட்ட வேண்டியது 11,208 யூரோ. அது முழுக்க வங்கிக் கடன். வீட்டுப் பத்திரம் இன்னமும் வங்கியில்தான் இருக்கிறது. ஒரு செமஸ்டர் நீண்டால் வாடகை, காப்பீடு, வட்டி என்று எவ்வளவு ஏறும் என்று எனக்கு மனப்பாடம். படிக்கத்தான் வந்தோம். பாறை மேல் நிற்க அல்ல.

என் அனுபவம் பயணம் போகாத அனுபவம். சனிக்கிழமைகளில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். 2024 மார்ச்சில் மாணவர்கள் வேலை செய்யும் வரம்பு 120 நாளிலிருந்து 140 நாளாக உயர்ந்தபோது, கூடுதல் இருபது நாளையும் அன்றே எழுதிக் கொடுத்தேன். கடைசி நாள் கையுறையைத் திருப்பிக் கொடுக்கும்போது மேற்பார்வையாளர், அறுபது தாண்டியவர், கை குலுக்கிவிட்டுக் கேட்டார்: “எங்கள் நாட்டில் என்னவெல்லாம் பார்த்தாய்?”

வாயைத் திறந்தேன். நூலகம் வந்தது, பல்கலைக்கழக உணவகமான மென்சா வந்தது, இந்தக் கிடங்கு வந்தது. ஆகனிலிருந்து ஒரு பஸ் ஏறினால் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் சந்திக்கும் குன்று. 322 மீட்டர் உயரம். இரண்டு வருடத்தில் அதற்குக்கூட நான் போனதில்லை. அவர் என் கையை விடாமல் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். “வேலை அதிகம்” என்றேன். அவர் தலையசைத்த விதம்தான் இன்னும் தூங்கவிடாமல் செய்கிறது. ஆனாலும் சொல்கிறேன், நான் செய்தது சரி.

குளிர்மேகம்

ஆகன்பறவை, கோபப்படாதீர்கள். லிஸ்பனா கிடங்கா என்று இரண்டே வழிதான் இருப்பதுபோல் எழுதுகிறீர்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் செமஸ்டர் டிக்கெட்டிலேயே போகக்கூடிய தூரத்தில் என் கதை நடந்தது.

நான் இயற்பியல். குவாண்டம் இயக்கவியலில் இரண்டாவது முறையும் தோற்றிருந்தேன். மூன்றாவது போனால் பதிவு நீக்கம், பிறகு இந்த நாட்டில் அந்தப் படிப்பையே தொட முடியாது. அறையில் இருக்கப் பிடிக்காமல், ஒரு சனிக்கிழமை கையில் கிடைத்த வட்டார ரயில்களில் ஏறி மாறி கோட்டிங்கனில் இறங்கினேன். நகரக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். முதல் நாள் இரவு பெய்த பனி புல் மேல் அப்படியே கிடந்தது. என் காலடித் தடம் மட்டும்தான் இருந்தது.

குவாண்டம் கொள்கையைத் தொடங்கிவைத்த மாக்ஸ் பிளாங்கின் கல்லறைக் கல் உயரமானது, சாம்பல் நிறம். மேலே பெயர். அடியில் பனி ஒட்டியிருந்தது, கையால் துடைத்தேன். அங்கே அவருடைய மாறிலி வெட்டியிருக்கிறது: h = 6,62 · 10⁻²⁷ எர்க்·நொடி. என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பத்தின் அடுக்கு மைனஸ் 34 அல்லவா? அவர் கல்லிலேயே தப்பாக வெட்டிவிட்டார்களா? அரை நிமிடம் உண்மையாகவே அப்படி நினைத்தேன். பிறகுதான் எர்க் என்ற பழைய ஆற்றல் அலகின் பெயர் கண்ணில் பட்டது. ஒரு ஜூல் என்பது ஒரு கோடி எர்க், அதாவது 10⁷. ஏழைக் கழித்தால் சரியாக வருகிறது. குளிரில் விரல் மரத்துப்போன நிலையில் அந்த ஏழைக் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். தேர்வில் நான் கோட்டைவிட்டதும் அலகில்தான்.

அதே தோட்டத்தில் இன்னொரு குவாண்டம் இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் இருக்கிறார். அவர் கல்லில் pq − qp = h/2πi. நான் விடைத்தாளில் குறியை மாற்றி எழுதிய அதே சமன்பாடு.

மூன்றாவது முறை தேறினேன். அந்தப் பயணத்தால் தேறினேன் என்று சொல்ல மாட்டேன், அதற்கு மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கல்லைத் துடைத்த ஈரம் கையுறையில் இருந்தது, திரும்பும் வழியெல்லாம் அதைக் கழற்றவில்லை.

தாமரைக்குளம்

மூத்தவன் ஐயா, “தைரியமாகத் திரும்பி வரலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி சரிதான். விமான நிலையக் கவுண்டரில் நிற்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டுமே.

பாட்டி இறந்த செய்தி வந்தபோது என் கையில் அந்த மடித்த தாள்தான் இருந்தது. ஆய்வேட்டுக்கு இன்னும் மூன்று வாரம். போகாதே, படிப்பைப் பார் என்றார்கள் இங்கிருந்தவர்கள். போனேன். காரியம் முடிந்து சென்னையில் திரும்ப விமானம் ஏற வரும்போது ஒன்பது நாள் மிச்சம். கவுண்டரில் இருந்த பெண் தாளைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள், விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அவள் கட்டைவிரல் சரியாக அந்த மூன்றாவது கட்டத்தின் மேல் இருந்தது. விரலை எடுங்கள், அங்கேதான் இருக்கிறது என்று சொன்னேன். “கார்டு எங்கே மேடம்?” என்றாள். காலாவதியான அட்டையைக் கொடுத்தேன். “இது முடிந்துவிட்டதே” என்றாள். மேலதிகாரியைக் கூப்பிட்டாள், அவர் யாருக்கோ போன் செய்தார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் பக்கத்து வரிசைக்குப் போய்விட்டார்கள். கவுண்டர் மூட பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது போர்டிங் பாஸ் வந்தது.

உறுத்துவது அதுவும் இல்லை. உள்ளே நுழைந்ததும் அப்பாவுக்கு போன் செய்து, “உள்ளே வந்துவிட்டேன், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்களா?” என்று கேட்டேன். “வாசலில்தான் இருக்கிறேன் அம்மா” என்றார். மூன்று மணி நேரமாக அங்கேயே நின்றிருக்கிறார். அந்தத் தாளைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் அதை நான் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்ததைக் கவனித்திருக்கிறார்.

கெம்னிட்ஸ்வாசி

ஆகன்பறவை, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டுப் பத்திரமும் வங்கியில்தான் இருக்கிறது. ஆய்வேடு ஒருவழியாகத் தொடங்கிவிட்டது. தாமரைக்குளம், ஆய்வேட்டை நேரத்துக்குக் கொடுத்துவிட்டீர்களா?

தாமரைக்குளம்

கொடுத்துவிட்டேன். கடைசி நாள் மதியம், தபாலில் அல்ல, நேரில்.

ஆகன்பறவை

குளிர்மேகம், அந்தத் தோட்டம் கோட்டிங்கன் நிலையத்திலிருந்து நடக்கும் தூரமா? இந்த ஞாயிறு எனக்கு வேலை இல்லை.

குளிர்மேகம்

நடக்கலாம். நிலையத்துக்கு மேற்கே, காசெலர் லாண்ட்ஷ்ட்ராசே வழியாக. அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆகனிலிருந்து வட்டார ரயிலில் நேரம் பிடிக்கும், விடியும் முன்பே கிளம்பிவிடுங்கள்.