சினகாக்கிலிருந்து மூன்று அழைப்புகள், எதற்குப் போவது?

மழைக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் யூதர், கன்சர்வேட்டிவ் (ஆர்த்தடாக்ஸ் அளவுக்குக் கண்டிப்பில்லாத) பிரிவு சினகாக், அதாவது யூத வழிபாட்டுக்கூடம் ஒன்றில் உறுப்பினர். அங்கிருந்து வந்த 2026 செப்டம்பர், அக்டோபர் நிகழ்ச்சி நிரலை எனக்கும் அனுப்பி, "நீயும் உன் மனைவியும் எதற்கு வேண்டுமானாலும் வாருங்கள்" என்று மூன்றைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். செப்டம்பர் 12 சனிக்கிழமை காலை ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு) வழிபாடு, 20 ஞாயிறு மாலை கோல் நித்ரே (யோம் கிப்பூர் என்கிற நோன்பு நாளைத் தொடங்கும் வழிபாடு), 29 செவ்வாய் மாலை அவர் வீட்டுச் சுக்காவில் (சுக்கோத் பண்டிகைக்குக் கட்டும் தற்காலிகக் குடில்) சாப்பாடு.

நிரலைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஸெலிஹோத், ஷபாத் ஷுவா, யிஸ்கோர், நெயிலா, ஹோஷானா ரப்பா என்று ஒரு மாதத்தில் மூச்சு விட இடமில்லை. நாங்கள் இருவருமே யூதர்கள் இல்லை, சினகாக் உள்ளே கால் வைத்ததும் இல்லை. மூன்றுக்கும் போக முடியாது, ஒன்றுக்கோ இரண்டுக்கோதான் நேரம் ஒதுக்க முடியும். எதற்குப் போவது? என்ன உடுத்துவது, தலையை மூட வேண்டுமா, காணிக்கை ஏதும் போட வேண்டுமா, கையில் என்ன கொண்டுபோவது? நண்பரிடமே கேட்கலாம்தான், ஆனால் அவர் எதைக் கேட்டாலும் "சும்மா வாங்க" என்கிறார்.

ஒற்றைப்பனை எழுதியது:

என் மனைவி யூதர், நான் மதம் மாறவில்லை, ஆனால் வருடக்கணக்கில் அவரோடு போய் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சுக்காவுக்குக் கட்டாயம் போங்கள், கோல் நித்ரேயை இந்த முறை விட்டுவிடுங்கள், ரோஷ் ஹஷானாவுக்குப் போவதாக இருந்தால் சனிக்கிழமை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலை போங்கள்.

ஞாயிறு ஏன் என்றால், ரோஷ் ஹஷானாவின் உயிரே ஷோஃபார்தான், ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுவது. வழக்கமாக ஒரு நாளில் 100 தடவை ஊதுவார்கள். நீளமாக ஒன்று, உடைந்து உடைந்து மூன்று, விட்டு விட்டு அழுவது போல ஒன்பது என்று அதற்குக் கணக்கு இருக்கிறது. இந்த வருடம் பண்டிகையின் முதல் நாள் சனிக்கிழமையில், அதாவது வார ஓய்வு நாளான ஷபாத்தில் விழுகிறது. ஷபாத்தில் ஆர்த்தடாக்ஸ் சினகாக்குகளில் கொம்பு ஊத மாட்டார்கள், கன்சர்வேட்டிவிலும் பெரும்பாலும் அப்படித்தான். சீர்திருத்தப் பிரிவில் பல இடங்களில் ஊதுவார்கள், ஆனால் உங்கள் நண்பர் அந்தப் பிரிவு இல்லையே. சனிக்கிழமை போனால் நான்கு மணி நேரம் எபிரேயப் பிரார்த்தனை கேட்டுவிட்டு, எதற்காக எல்லோரும் இந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்களோ அதைக் கேட்காமலேயே திரும்பி வருவீர்கள். நீர்நிலைக்கு நடந்துபோய் போன வருடத்துப் பாவங்களைத் தண்ணீரில் விடுகிற தஷ்லீக் சடங்கும் முதல் நாள் ஷபாத் என்றால் பொதுவாக இரண்டாம் நாளுக்குத் தள்ளிப்போகும். நண்பர் ஏன் சனிக்கிழமையைக் குறித்தார் என்று தெரியவில்லை, ஒருவேளை அன்று மதியச் சாப்பாட்டுக்கு அழைக்க நினைத்திருக்கலாம்.

கோல் நித்ரேயை வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம், அது மோசமாக இருக்கும் என்பதல்ல. வருடத்தில் சினகாக் நிரம்பி வழியும் இரவு அதுதான். மற்ற நாட்களில் எட்டிப் பார்க்காதவர்கள்கூட அன்று வந்துவிடுவார்கள். சூரியன் மறைவதற்கு முன்பே ஆரம்பிக்கும், ஏனென்றால் அது உண்மையில் பிரார்த்தனையே இல்லை, பொருத்தனைகளை ரத்து செய்கிற ஒரு வழக்குமன்ற நடைமுறை. ராகம் பாடுகிற ஹஸன் நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் தோராச் சுருளை (மோசேயின் ஐந்து நூல்கள் எழுதிய சுருள்) பிடித்தபடி ஆட்கள் நிற்பது மூன்று பேர் கொண்ட நீதிமன்றம் கூடியிருக்கிறது என்று காட்டத்தான். அரமேய மொழியில் மூன்று முறை பாடுவார்கள். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் அன்று உங்களைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச ஒருவருக்கும் நேரமும் மனநிலையும் இருக்காது, அடுத்த 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கப்போகிறவர்கள் அவர்கள். பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் முதல் தடவையே அங்கே போவது வீண் என்பது என் கருத்து.

சுக்கா நேர் எதிர். கூரைக்குச் செடிகொடியில் வெட்டிய தழைதான் போட வேண்டும். வெயிலைவிட நிழல் அதிகமாக இருக்க வேண்டும், ஆனால் இரவில் நட்சத்திரம் எட்டிப் பார்க்கிற அளவுக்கு விட்டுத்தான் போடுவார்கள். ஏழு நாளும் சாப்பாடு அதற்குள்தான், நல்ல மழை வந்தால் வீட்டுக்குள் ஓடிவிடலாம் என்று சட்டமே இருக்கிறது. விருந்தாளியை அழைப்பது அந்தப் பண்டிகையின் ஒரு பகுதி, அதனால் நீங்கள் அங்கே வேடிக்கை பார்க்க வந்த ஆள் இல்லை. 29 செவ்வாய் என்பது பண்டிகையின் இடைநாள், வண்டி ஓட்டலாம், போன் எடுக்கலாம், படம்கூட எடுக்கலாம், கேட்டுவிட்டு. பேரீச்சங்குருத்து, மிர்ட்டில், ஆற்றலரி, எத்ரோக் என்கிற எலுமிச்சை இனத்துப் பழம், இந்த நான்கையும் சேர்த்துப் பிடித்துப் பகலில் ஆட்டுவார்கள், மாலையில் போனாலும் அவற்றைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.

மற்ற கேள்விகள். ஆண்கள் தலையில் கிப்பா என்கிற சின்னத் தொப்பி வைக்க வேண்டும், வாசலில் கூடையில் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். தாலித் என்கிற குஞ்சம் வைத்த போர்வையும் அங்கே தொங்கும், அது யூதர்களுக்கு, அதைத் தொட வேண்டாம். உங்கள் மனைவி தலையை மூட வேண்டிய அவசியம் இல்லை, தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். கன்சர்வேட்டிவில் பெரும்பாலும் கணவன் மனைவி சேர்ந்தே உட்காரலாம். காணிக்கை கிடையாது. ஷபாத்திலும் பண்டிகை நாளிலும் பணத்தைக் கையால் தொடுவதே வழக்கமில்லை, சினகாக் ஓடுவது உறுப்பினர்களின் ஆண்டுச் சந்தாவிலும் முன்கூட்டித் தரும் வாக்குறுதித் தொகையிலும்தான். அதனால்தான் இந்தப் பெரிய நாட்களுக்குப் பல இடங்களில் டிக்கெட் அல்லது பெயர்ப் பதிவு இருக்கும். பாதுகாப்புக்காகப் பையையும் சோதிப்பார்கள், எனவே உங்கள் இருவர் பெயரையும் நண்பரை முன்னாலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். போனை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

நீலத்தாமரை எழுதியது:

ஒற்றைப்பனை சொன்னதில் கோல் நித்ரே விஷயத்தில் மட்டும் நான் பாதி ஒத்துப்போகிறேன். அந்த இரவு வேண்டாம், சரி. ஆனால் யோம் கிப்பூரையே ஒதுக்க வேண்டாம். மறுநாள் 21 திங்கள் மாலை கடைசி ஒரு மணி நேரம் நெயிலா என்கிற நிறைவு வழிபாடு நடக்கும், அதற்குப் போங்கள். தோராச் சுருள்கள் இருக்கிற பேழையை அந்த ஒரு மணி நேரமும் திறந்தே வைத்திருப்பார்கள், முடிந்தவர்கள் எல்லோரும் எழுந்தே நிற்பார்கள். முந்தின நாள் மாலையிலிருந்து பட்டினி, தொண்டை கட்டிய குரல்கள், வெள்ளை உடை, தோல் செருப்பு கூடாது என்பதால் துணிக் காலணி. கடைசியில் "கர்த்தரே தேவன்" என்று ஏழு முறை சொல்லி முடித்ததும் ஷோஃபாரை ஒரே மூச்சில் நீளமாக ஊதுவார்கள், அவ்வளவுதான், கூட்டமே வேறு மாதிரி ஆகிவிடும். மதியம் யோனாவின் கதையை முழுசாக வாசிக்கிற மின்ஹா வழிபாடும் உண்டு, பைபிள் தெரிந்தவர்களுக்கு அது பிடிபடும், ஆனால் நேரமில்லை என்றால் அதை விடலாம்.

அப்புறம் ஒரு விஷயம், அன்று "ஹேப்பி யோம் கிப்பூர்" என்று சொல்லாதீர்கள். "க்மார் ஹதிமா தோவா" என்பார்கள், வரும் ஆண்டுக்கான உங்கள் தீர்ப்பு நன்றாக முத்திரையிடப்படட்டும் என்கிற வாழ்த்து. வாயில் வரவில்லை என்றால் "நோன்பு சுலபமாக அமையட்டும்" என்றால் போதும். ரோஷ் ஹஷானாவுக்கு "ஷானா தோவா", சுக்கோத்துக்கு "ஹாக் சமேயாக்". வந்தவுடன் யாராவது உங்களிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் அவர்கள் முன்னால் குடிக்காதீர்கள், அவ்வளவுதான் நாகரிகம்.

வேப்பங்கிளை எழுதியது:

நான் மதம் மாறியவள், ஒரு சினகாக்கில் உதவிக் குழு வேலையையும் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் பெரிய நாட்களையே பார்க்கிறார்கள், அந்த மாதம் முடிந்ததும் என்ன நடக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. சினகாக் என்பது வழிபாட்டை விட அதிகம் ஆள் கணக்கில் ஓடுகிற இடம். பத்து வயதுவந்தவர்கள் கூடினால்தான் மின்யான். துக்கத்தில் இருப்பவர்கள் சொல்கிற கதீஷ் பிரார்த்தனைக்கு அது வேண்டும், தோராவைப் பொதுவில் வாசிக்க அது வேண்டும். ஆர்த்தடாக்ஸில் பத்தும் ஆண்கள், கன்சர்வேட்டிவில் பெரும்பாலும் பெண்களையும் எண்ணுவார்கள். குளிர்காலத்து வாரநாள் காலை ஏழு மணிக்கு ஒன்பது பேர் உட்கார்ந்துகொண்டு பத்தாவது ஆளுக்குப் போன் போடுவதுதான் எங்களுடைய நிஜமான சபை வாழ்க்கை. ரோஷ் ஹஷானா அன்று உட்கார இடமில்லை என்று புலம்புகிறவர்களில் யார் அப்படி வருகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும், சொல்ல மாட்டோம்.

யாராவது இறந்தால் அடக்கத்துக்குப் பின் ஏழு நாள் ஷிவா என்கிற துக்கம். துக்க வீட்டார் வெளியே வர வேண்டாம், மின்யான் அவர்கள் வீட்டுக்குப் போகும், சாப்பாடும் நாங்கள்தான் அனுப்புவோம். உடலைக் கழுவி வெள்ளை உடுத்துகிற ஹெவ்ரா கதீஷாவில் இருப்பவர்கள் யார் என்று உறுப்பினர்களிலேயே பலருக்குத் தெரியாது, அதைச் சொல்லிக்கொள்வது மரபு இல்லை. இந்த மாதத்தில் இன்னொரு சிக்கல்: ஷிவா ஆரம்பித்த பிறகு ரோஷ் ஹஷானா வந்தால் பண்டிகை அந்த ஷிவாவை முடித்துவிடும், மூன்று நாள்தான் ஆகியிருந்தாலும். சட்டம் அப்படி. மனசு அப்படி முடியாது, அதனால் நாங்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போய்ப் பார்ப்போம்.

கேள்விக்கு வருகிறேன். சுக்காவுக்குப் போகும்போது சமைத்த பண்டம் எதுவும் வேண்டாம், அவர்கள் கோஷர் (யூத உணவு விதி) பார்ப்பவர்கள் என்றால் சங்கடம். பூக்கள் நல்லது. இன்னும் நல்லது, 22, 23 தேதிகளில் சுக்கா கட்ட ஆள் தேவையா என்று கேட்டுப் பாருங்கள். யோம் கிப்பூர் முடிந்த இரவே முதல் ஆணியை அடித்துவிடுகிறவர்கள் உண்டு, ஆனால் பசியோடு வந்த கை, முதல் ஆணியோடு நின்றுவிடும். சினகாக்கின் பெரிய சுக்காவுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. சுத்தியல் பிடித்த விருந்தாளியை யாரும் மறக்க மாட்டார்கள்.

மழைக்குருவி எழுதியது:

மிகவும் நன்றி. ஞாயிறு காலை, 29 மாலை இரண்டையும் முடிவு செய்துவிட்டோம். நெயிலாவுக்கு அரை நாள் விடுப்பு கேட்டிருக்கிறேன். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், நண்பரின் அம்மா மே மாதம் இறந்துவிட்டார். தினமும் காலையில் சினகாக் போய்விட்டுத்தான் வேலைக்கு வருகிறார். நிரலில் அக்டோபர் 3 அன்று யிஸ்கோர் என்று இருக்கிறது, அக்டோபர் 4 சிம்ஹாத் தோரா, நடனம் என்று போட்டிருக்கிறார்கள். அதற்கும் வரச் சொல்கிறாரே, போகலாமா என்று யோசிக்கிறேன். அவரிடம் அம்மாவைப் பற்றிப் பேசலாமா?

வேப்பங்கிளை எழுதியது:

தினமும் போகிறார் என்றால் கதீஷ் சொல்லப் போகிறார். பெற்றோருக்கு 11 மாதம் சொல்வது வழக்கம், மே என்றால் அடுத்த ஏப்ரல் வரை நீளும். நீங்கள் அந்தப் பத்தில் ஒருவராக எண்ணப்பட மாட்டீர்கள், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒருநாள் அவரோடு போய் உட்கார்ந்தால் யாரும் தடுக்கவும் மாட்டார்கள்.

யிஸ்கோர் இறந்தவர்களை நினைக்கிற பிரார்த்தனை. வருடத்துக்கு நான்கு முறை: யோம் கிப்பூர், ஷெமினி அட்ஸெரெத், பஸ்காவின் கடைசி நாள், ஷாவுஓத். நீங்கள் கேட்கிற அக்டோபர் 3 ஷெமினி அட்ஸெரெத், சுக்கோத்தின் ஏழு நாளும் முடிந்த மறுநாள் வருகிற பண்டிகை. தாய் தந்தை இருவரும் உயிரோடு இருப்பவர்கள் அந்த நேரம் வெளியே போய் நிற்பது பல இடங்களில் வழக்கம், பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போனால் நீங்களும் கூடவே போங்கள், யாரும் உங்களை விரட்டவில்லை. இறந்து முதல் ஆண்டு ஆகாதவர்கள் யிஸ்கோர் சொல்வதில்லை என்று சில குடும்பங்களில் உண்டு, அவர் வீட்டில் எப்படி என்று அவருக்குத்தான் தெரியும்.

சிம்ஹாத் தோரா பற்றி. தோரா வாசிப்பு உபாகமத்தில் முடிந்து அதே மூச்சில் ஆதியாகமத்தில் தொடங்குகிற நாள். சுருள்களைத் தூக்கிக்கொண்டு ஏழு சுற்று ஆடுவார்கள். குழந்தைகள் வந்தால் மிட்டாய் கிடைக்கும், நிச்சயம் போய்ப் பாருங்கள், 3 ஆம் தேதி இரவிலேயே தொடங்கும். ஆனால் பெற்றோரை இழந்தவர்கள் 12 மாதம் பாட்டு, ஆட்டம், விருந்துகளைத் தவிர்ப்பது மரபு. அதனால் அவர் ஒரு சுற்று சுருளைப் பிடித்து நடந்துவிட்டு ஓரமாக நின்றால் ஏன் ஆடவில்லை என்று இழுக்காதீர்கள். அவர் பக்கத்தில் நின்றாலே போதும்.

அம்மாவைப் பற்றிப் பேசலாம், தாராளமாக. பேசாமல் இருப்பதுதான் பலருக்குக் கஷ்டம். "அம்மா எப்படிப்பட்டவர்?" என்று கேளுங்கள்.

ஒற்றைப்பனை எழுதியது:

வேப்பங்கிளை சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஞாயிறு காலைக்கு மட்டும் ஒரு குறிப்பு. எட்டரைக்குத் தொடங்கும் என்று போட்டிருந்தாலும் ஷோஃபார் முதலில் தோரா வாசிப்புக்குப் பிறகுதான் வரும், பத்தரையை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்குப் போய் உட்கார்ந்தால் சரியாக இருக்கும். பின்வரிசையில், ஓரத்து இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். மக்ஸோர் என்கிற பண்டிகைப் பிரார்த்தனைப் புத்தகம் கையில் கொடுப்பார்கள், எபிரேயத்துக்கு எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்பு இருக்கும், பக்க எண்ணை அவ்வப்போது அறிவிப்பார்கள்.