மெமோரியல் டேக்கு முன் கல்லறைக் கல் கழுவப் போகிறவர்களுக்கு

ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இல்லினாய்ஸ், இந்தியானா, அயோவா பக்கம் சிற்றூர்களில் வீடு வாங்கிக் குடியிருக்கும் நம்மவர்கள், மெமோரியல் டேக்கு (போரில் மாண்ட வீரர்களை அமெரிக்காவில் நினைவுகூரும் நாள்) முன் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தாரோடு சேர்ந்து பழைய கல்லறைகளைச் சுத்தம் செய்யப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். நாம் பிழைக்க வந்த ஊரை உண்டாக்கியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் பிரஷைத் தொடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நூற்றைம்பது வருடம் வெயிலும் பனியும் தாங்கிய கல்லை நல்லெண்ணத்தோடேயே ஒரு மதியத்தில் கெடுத்துவிடலாம்.

மெமோரியல் டேயே அந்தப் பக்கத்து மண்ணில் வேர்விட்டதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்து திரும்பிய வடபகுதி வீரர்களின் சங்கம் 1866 ஏப்ரலில் இல்லினாய்ஸின் டிகேட்டரில் தொடங்கியது. அதே மாதக் கடைசியில் அதே மாநிலத்தின் கார்பண்டேல் ஊரில் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் தளபதி ஜான் லோகன் பேசினார். அவர் பிறந்தது பக்கத்து மர்ஃபிஸ்பரோவில். 1868இல் வீரர் சங்கத் தலைவராக இருந்தபோது, மே 30 அன்று மாண்ட வீரர்களின் கல்லறைகளுக்குப் பூ வைக்கும்படி ஆணை அனுப்பியவரும் அவரே. அந்நாளில் அதற்கு டெக்கரேஷன் டே என்று பெயர். 1971 முதல் மே மாதக் கடைசித் திங்கள். இப்போது வீரர்களுக்கு மட்டுமில்லை, தாத்தா பாட்டி கல்லறைக்கும் குடும்பத்தோடு வந்து பூ வைக்கிறார்கள்.

முதலில் அனுமதி. பல இடங்களில் கிராமப்புறக் கல்லறைகள் டவுன்ஷிப் டிரஸ்டி என்ற உள்ளாட்சிப் பொறுப்பாளரின் கையில் இருக்கும். தேவாலயக் கல்லறை என்றால் அதன் நிர்வாகியைக் கேளுங்கள். எழுத்தில் வாங்குவது நல்லது.

அடுத்து கல்லைப் பாருங்கள். வெள்ளைப் பளிங்கைத் தடவும்போது சர்க்கரை போல விரலில் தூள் ஒட்டினால் அதைக் கழுவவே கூடாது. விரல் முட்டியால் மெதுவாகத் தட்டும்போது உள்ளே வெற்றிடச் சத்தம் கேட்டால் அடுக்கு பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். மணற்கல்லில் இது அதிகம். இப்படிப்பட்ட கல், ஆடுகிற கல், விரிசல் விட்ட கல் எல்லாவற்றையும் படம் எடுத்துச் சங்கத்தாரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீலச்சாம்பல் நிறத்தில் எழுத்து இன்னும் கூர்மையாக இருந்தால் அது கல்லே இல்லை, துத்தநாக வார்ப்பு. சட்டென்று உடையும், வெறும் தண்ணீர் போதும்.

நல்ல நிலையில் உள்ள கல்லுக்கு 15 முதல் 20 லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் குழாய் இருக்காது. மென்மையான நைலான் அல்லது இயற்கை நார் பிரஷ், மரக்குச்சி, தெளிப்பான் வேண்டும். கல் ஊறும்வரை நனைத்துவிட்டு, கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் காய்ந்த பகுதியில் வழிந்து கோடு விழும். கற்பாசியை ஊறவைத்து மரக்குச்சியால் நெம்புங்கள், வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். கரும்படலத்துக்கு டி-2 (D/2) என்ற, பாசியைக் கொல்லும் கரைசலைத் தெளித்து 10 முதல் 15 நிமிடம் விட்டுத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். கல் முதலில் ஆரஞ்சு நிறமாக மாறலாம். அதைப் பார்த்துப் பதறி மறுபடி தேய்ப்பதுதான் பெரிய தவறு. பாசி சாகச் சாக நிறம் போய்விடும், வாரக்கணக்கில் வெளுத்துக்கொண்டே வரும். குளிர் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் நாளில் வேண்டாம். ஊறிய கல்லுக்குள் நீர் உறைந்தால் பிளக்கும்.

பிளீச் கூடாது. அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். உப்பு உள்ளே தங்கிப் படிகமாகி, கல்லை உள்ளிருந்து உதிர்க்கும். பிரஷர் வாஷர், கம்பி பிரஷ் இரண்டும் கூடாது. குத்துவிளக்கு துலக்கிய பழக்கத்தில் புளியோ எலுமிச்சையோ வினிகரோ எடுத்துப் போகாதீர்கள்: பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் அமிலத்தில் கரையும், முதலில் போவது எழுத்தின் விளிம்பு. வெண்கலப் பலகைக்குப் பீதாம்பரியும் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

மங்கிய எழுத்தைப் படிக்க ஷேவிங் க்ரீம், சாக்பீஸ் பூசுகிறவர்கள் இன்னும் உண்டு. செய்யாதீர்கள். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால் நிழல் விழுந்து பெயர் தெரியும். மேகமூட்டத்தில் போன் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பிடித்தால் போதும். படமெடுத்து, கல்லறைகளைத் தேட உதவும் ஃபைண்ட் எ கிரேவ் இணையதளத்தில் ஏற்றினால், எங்கோ இருக்கும் பேரப்பிள்ளை கண்டுபிடிப்பார்.

கல்மேல் யாராவது நினைவாகக் காசு வைத்திருந்தால் தொடாதீர்கள். ஐந்துமுனை நட்சத்திர உலோகக் குறி, மேலே சொன்ன உள்நாட்டுப் போர் வீரர் சங்கத்தினுடையது. புல்லில் கிடந்தால் நிர்வாகியிடம் கொடுங்கள். கொடி நடுவதை அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் வீரர் அமைப்பினர் முறைப்படி செய்வார்கள், அவர்கள் சொல்கிறபடி உதவுங்கள்.

பூ என்றால் பியோனிதான். 1957 முதல் இந்தியானாவின் மாநில மலர். தெற்கே மே நடுவிலேயே மலர்ந்து உதிர்ந்துவிடும். அதனால் மொட்டு அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் பதத்தில் வெட்டி, இலை நீக்கி, செய்தித்தாளில் சுருட்டி, தண்ணீரில்லாமல் ஃபிரிட்ஜில் படுக்க வையுங்கள். இரண்டு வாரம் தாங்கும். பக்கத்தில் பழம் வைக்காதீர்கள், அதன் வாயு மொட்டைக் கெடுக்கும். முந்தின நாள் தண்டின் நுனியை மறுபடி வெட்டி, வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் மலரும். எறும்பு இருந்தால் உதறிவிடுங்கள்.

கண்ணாடிக் குடுவை வேண்டாம், புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கிச் சிதறும். பூக்களை எந்தத் தேதியில் அகற்றுவார்கள் என்று பெரும்பாலும் வாசல் பலகையில் எழுதியிருக்கும். திரும்ப எடுக்க வேண்டிய கூடை, தொட்டி இருந்தால் அதற்கு முன் போய் எடுத்துவிடுங்கள்.