ஹெலோவீனின் முதல் ஆல்பம் 'வால்ஸ் ஆஃப் ஜெரிக்கோ': குரலும் பாடல் வரிசையும் குறித்து ஒரு சந்தேகம்

கேள்வி (காரைக்குடி):
அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் வேலை பார்த்துத் திரும்பிய என் அம்மானின் மரப்பெட்டியை ஒழித்துக்கொடுத்தபோது, ஹெலோவீன் என்ற ஜெர்மானிய ஹெவி மெட்டல் இசைக்குழுவின் 'வால்ஸ் ஆஃப் ஜெரிக்கோ' குறுந்தகடு கிடைத்தது. இதே குழுவுக்காகப் பின்னாளில் மைக்கேல் கிஸ்கே பாடிய 'கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்' ஆல்பங்கள் இரண்டையும் மனப்பாடமாகும் அளவுக்குக் கேட்டவன் நான் என்பதால், பெரும் ஆவலோடு இதைப் போட்டேன். குரல் வேறாகவும் கரடுமுரடாகவும் இருக்கிறது. பாடல்கள் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடுகின்றன. ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாடலோ ஆறாவதாகத்தான் வருகிறது. அட்டைக்குள் வேறு தகடு மாறி வந்துவிட்டதா? இதை எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (தேவகோட்டை):
தகடு மாறவில்லை, தம்பி. ஹாம்பர்க் நகரத்தைச் சேர்ந்த இக்குழு 1985இல் முதலில் தன் பெயரிலேயே ஐந்து பாடல்கள் கொண்ட சிறு இசைத்தட்டு ஒன்றையும், அதே ஆண்டின் பிற்பகுதியில் இந்த ஆல்பத்தையும் நாய்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வழியாக வெளியிட்டது. பின்னர் குறுந்தகடாகப் போட்டபோது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, சிறு தட்டின் பாடல்களை முன்னால் வைத்துவிட்டார்கள். ஆகவே 'ஸ்டார்லைட்' முதல் 'க்ரை ஃபார் ஃப்ரீடம்' வரையிலான ஐந்தையும் தாண்டி, ஆறாவதிலிருந்து கேளுங்கள். எக்காளம் ஊத மதில் இடிந்து விழுந்த எரிகோ நகரத்தின் விவிலியக் கதைதான் தலைப்பு. சிறிய முன்னிசை முடிந்ததும் 'ரைட் தி ஸ்கை' பாய்ந்து வரும் அந்த இடமே இந்த ஆல்பத்தின் வாசல்.

பதில் (கானாடுகாத்தான்):
குரலைப் பற்றிச் சொல்கிறேன். இதில் பாடுபவர் கிட்டார் வாசிக்கும் கை ஹான்சன். இவ்வளவு வேகமான கிட்டாரை வாசித்துக்கொண்டே பாடுவது பெரும்பாடு என்பதால்தான் பின்னால் தனிப் பாடகரைத் தேடி, 18 வயது கிஸ்கேயை அழைத்துவந்தார்கள். கிஸ்கேயின் குரல் மேலே மிதக்கும். ஹான்சனின் குரல் கிட்டாரோடு மல்லுக்கட்டும். இந்தப் பாடல்களுக்கு அந்த மல்லுக்கட்டுதான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

ஒரே ஓட்டம் என்றீர்கள். குரலை விட்டுவிட்டு, ஹான்சனும் மைக்கேல் வைகாத்தும் வாசிக்கும் இரண்டு கிட்டார்களை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். இருவரும் இணைந்து ஒரே மெட்டை வெவ்வேறு சுரங்களில் எடுத்துச்செல்லும் இடங்களில்தான், பின்னாளில் பவர் மெட்டல் என்று பெயர் பெற்ற இசையின் விதை இருக்கிறது. பேசும் பின்பால் விளையாட்டு இயந்திரத்தைப் பற்றிய 'கோர்கார்' பாடலில், நார்வே நாட்டு இசையமைப்பாளர் க்ரீக்கின் புகழ்பெற்ற மெட்டு ஒன்று நடுவில் எட்டிப்பார்ப்பதையும் தவறவிடாதீர்கள்.

பதில் (கோட்டையூர்):
நான் தவில் வாசிப்பவன். எனக்கு இந்த ஆல்பம் என்றால் இதில் டிரம் வாசித்த இங்கோ ஷ்விக்டென்பெர்க்தான். பதிவின்போது அவருக்கு வயது 20. இரண்டு கால்களும் மாறி மாறிப் பெரிய டிரம்மை மிதித்துக்கொண்டே இருக்க, கைகள் தனியாக வேறொன்றைப் பேசுகின்றன. மூன்றாம் காலத்தில் ஓடும்போதும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழ வேண்டும் என்று எங்கள் குருநாதர் சொல்லிக்கொண்டே இருப்பார். 'ரைட் தி ஸ்கை' பாடலில் அப்படித்தான் விழுகிறது. 1995இல், 29 வயதில் அவர் மறைந்துபோனதை இன்றும் என் மனம் ஏற்கவில்லை.

கேட்டவர் (காரைக்குடி):
மூவருக்கும் நன்றி. பட்டாலையில் ஆயா உறங்கிக்கொண்டிருந்ததால், நேற்றிரவு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வளவுத் தூணில் சாய்ந்தபடி ஆறாவதிலிருந்து கேட்டேன். வைகாத் எழுதிய, 7 நிமிடத்துக்கு மேல் நீளும் 'ஹவ் மெனி டியர்ஸ்' பாடலின் நடுவில் வேகம் சட்டென்று தணிகிறதே, அங்கே ஹான்சனின் குரல் முதல் முறையாக என்னிடம் நேராகப் பேசுவதுபோல் இருந்தது. கோட்டையூர் அண்ணன் சொன்ன கால்களின் ஓசையை மட்டும் பின்தொடர்ந்து, இன்று மறுபடி கேட்கப்போகிறேன்.