புதுப்பிப்பு: 48 வயதில் மீண்டும் பேஸ் கிட்டார் – மணிக்கட்டு வலி தீர்ந்தது

கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் இந்த வயதில் மறுபடி சேர்ந்ததும் இடது மணிக்கட்டு வலிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

சிலர் சொன்ன மெல்லிய தந்தி பலிக்கவில்லை, ஒலிதான் மெலிந்தது. பலன் தந்தது, வழக்கமான 34 அங்குலத் தந்தி நீளத்தை விட்டு 30 அங்குலக் கிட்டாருக்கு மாறச் சொன்ன யோசனை. முதல் ஃபிரெட்டுகளில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) விரல்களை அவ்வளவு அகட்ட வேண்டியதில்லை. மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கிறது. தோள் பட்டையையும் சுருக்கி, கிட்டாரை மார்புக்குக் கீழே ஏற்றிக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு வாசிக்கும் மிடுக்கு போயிற்று; போகட்டும்.

எதிர்பாராதது ஒன்று. நீளம் குறைந்ததால் நான்காம் தந்தி தொளதொளத்து, பலமாக மீட்டினால் ஃபிரெட்டில் பட்டுச் சடசடத்தது. சற்றுத் தடித்த தந்தி போட்டதும் அடங்கியது. 30 அங்குலத்துக்கென்று விற்பதையே கேட்டு வாங்குங்கள். நீளத் தந்தியை வெட்டிப் போட்டால், தடித்த பகுதி முறுக்காணியில் சுற்றும்போது தந்தியின் மேல் சுற்றியிருக்கும் கம்பி பிரிந்துவிடக்கூடும்.

டிரம்ஸ் பக்கத்தில் நின்று காது இரைவது வேறு கதை. அதைத் தனியாகக் கேட்கிறேன்.