‘தி இன்னர் லைட்’ பார்த்த அன்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் ஒவ்வொருவராக எழுதுங்கள். ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர், ஐந்தாவது சீசன், 1992 ஜூன் மாதம் வந்த எபிசோடு. இன்னும் பார்க்காதவர்கள் இதோடு எழுந்து போய்விடலாம், கீழே முழுக்கதையும் இருக்கிறது.

கேப்டன் பிக்கார்டு கப்பலில் நின்றுகொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ மிதந்து வந்த ஒரு பழைய கருவி அவர்மேல் கதிரைப் பாய்ச்சிச் சாய்த்துவிடுகிறது. கண் விழித்தால் கட்டான் என்ற கிரகம், ரெசிக் என்று ஒரு சின்ன ஊர், அவர் பெயர் காமின். எலீன் என்றொரு பெண், நீங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள், நான்தான் உங்கள் மனைவி என்கிறாள். மனுஷன் நம்பவே மாட்டேன் என்று வருடக்கணக்கில் அடம்பிடித்து, கடைசியில் அந்த வாழ்க்கையிலேயே ஊறிப்போகிறார். பெண், பிள்ளை, பேரன், கூடவே ஒரு புல்லாங்குழல். எல்லாம் இருக்கிறது, மழை மட்டும் இல்லை. கிழவரான பிறகுதான் விஷயம் தெரிகிறது. அவர்களுடைய சூரியன் வெடித்து எல்லாரும் போய்ச் சேர்ந்து ஆயிரம் வருடம் ஆகிறது. யாராவது ஒருவர் நம்மை ஞாபகம் வைத்திருக்கட்டும் என்று அவர்கள் அனுப்பிய கருவிதான் அது. இங்கே கப்பலில் கழிந்த நேரம் 25 நிமிடம்.

மறுவருடம் சினிமாக்களோடு போட்டி போட்டு, அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கிற ஹியூகோ விருது வாங்கிய எபிசோடு இது. ரசிகர்கள் கூடினால் பேச்சு எப்படியும் அந்தப் புல்லாங்குழலில்தான் போய் நிற்கும். 2006-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 40,000 டாலருக்கு மேல் போனது, இத்தனைக்கும் ஊதினால் சத்தம் வராத பொம்மைக் குழல். எனக்கும் குழல் பிடிக்கும்தான். ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது வேறு.

அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊர். மே மாதம், அக்னி நட்சத்திரம், ராத்திரி ஒன்பது மணிக்கு கரண்ட் போய்விட்டது. வேலூர் வெயில் ராத்திரியானாலும் சுவரை விட்டு இறங்காது, தொட்டால் சுடும். லேப்டாப்பில் சார்ஜ் இருந்ததால் திண்ணையில் வைத்து இந்த எபிசோடைப் போட்டேன். நைனா பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ஈரத்துண்டை மார்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஆங்கிலம் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. “யார்ரா இந்த மொட்டையன்?” என்று கேட்டார். கப்பல் கேப்டன் நைனா என்றேன். “கப்பல் எங்க?” என்றார். வானத்தில் என்றதும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ரெசிக் ஊர் வந்ததும் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார். காமின் ஊருக்கு வந்த அதிகாரியிடம் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்க ஒரு யோசனை சொல்கிறார் இல்லையா, அதிகாரி கேட்டுக்கொண்டு கழற்றிவிடுவாரே, அந்த இடத்தில் நைனா சிரித்துவிட்டார். “இன்னாடா, இவங்க ஊர்லயும் ஜமாபந்தியா?”

அப்புறம் மகள் வருகிற காட்சி. மெரிபோர் வளர்ந்துவிட்டாள், மண்ணைப் பரிசோதனை செய்து வைத்திருக்கிறாள், அப்பாவோடு உட்கார்ந்து பேசுகிறாள். நைனா எழுந்து உட்கார்ந்துவிட்டார். “மண்ணு செத்துப்போச்சுன்னு சொல்றா பாரு அந்தப் பொண்ணு. அவனுக்கு முன்னாடியே தெரியும்டா. தெரிஞ்சிதான் வாயைத் தெறக்காம கீறான்.”

நிறுத்திவிட்டு சப்டைட்டிலை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அச்சு அசலாக அதுதான். அவளுக்கு முன்பே காமினுக்குத் தெரியும், சொல்லாமல் வைத்திருந்தார்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். எங்களுக்கு 60 அடிக் கிணறு ஒன்று இருந்தது, நான் அதில்தான் நீச்சல் கற்றேன். அது வற்றி, போர் போட்டு, அதுவும் நின்று, மூன்றாவது போர் 900 அடி இறக்கினோம். வண்டிக்காரர்கள் போன பிறகு அவர் வீட்டுக்கு வந்து, “தண்ணி கீது, மோட்டார் எறக்கணும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். ரசம் சாதம், தொட்டுக்க முள்ளு கத்தரிக்காய்ப் பொரியல், அந்த நிலத்தில் காய்த்த கடைசிக் காய். ஒரு வாரம் கழித்து பக்கத்து நிலத்துக்காரர் அம்மாவிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அன்றைக்கு வந்தது வெறும் புகை.

அதனால் அந்த எபிசோடை யாராவது “அழகான காதல் கதை” என்றால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அது தண்ணீர் இல்லாத ஊரில் குடும்பம் நடத்துகிற கதை. நம் பக்கத்து ஆட்களுக்குப் புரிகிற மாதிரி நியூயார்க்காரனுக்குப் புரியாது என்று ஒரு திமிர்கூட எனக்கு உண்டு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைச் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆறு இன்னும் வந்தபாடில்லை.

சரி, உங்களுடையது?

ஆம்பூரிலிருந்து:

நான் ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன். விண்வெளிக் கப்பல் எல்லாம் என் வீட்டுக்காரர் பைத்தியம், எனக்கு அதில் ஒட்டுதல் கிடையாது. இந்த ஒன்றை மட்டும் உட்கார்ந்து பார் என்று கெஞ்சினார், பார்த்தேன்.

எல்லாரும் அழுதேன் அழுதேன் என்கிறீர்கள், நான் முதலில் சிரித்தேன். அந்த எலீன் முதலிலிருந்தே அவரிடம் ஷூவை எடுத்து ஒழுங்காக வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பிள்ளை பிறந்து, வளர்ந்து, இவளுக்குத் தலை நரைத்து, சாகிற படுக்கையிலும் கடைசியாக அதையே சொல்லிவிட்டுப் போகிறாள். நாள் முழுக்க நான் நூற்றுக்கணக்கில் ஷூ தைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் இவருடைய செருப்பு ஒன்று கிழக்கே பார்த்துக் கிடக்கும், இன்னொன்று குப்புறக் கிடக்கும். “பாருங்க, வேற கிரகத்துலயும் இதே கதைதான்” என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்க்கிறேன், வாசலில் ரெண்டு செருப்பும் ஜோடியாகச் சுவரோரம் இருக்கிறது. அப்போதுதான் எனக்குத் தொண்டை அடைத்தது. பத்து நாள் அப்படியே வைத்தார், பதினோராவது நாள் பழையபடி.

மண் விஷயத்துக்கு ஒன்று சொல்கிறேன். தோல் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டுப்போன வழக்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்டது, 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, கெடுத்தவர்தான் செலவை ஏற்கணும் என்று. சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கேஸைப் படிக்கிறார்களாம், என் தம்பி மகன் சொன்னான். என் மாமியார் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் இன்றைக்கும் பருப்பு வேகாது. நாங்களும் வேலை செய்கிறது தோலில்தான், அதனால் முழு வாயையும் திறந்து பேச முடியாது. காமின் மாதிரிதான்.

காட்பாடியிலிருந்து:

எல்லாரும் உருகுகிறீர்கள், ஒரு ஆளாவது எதிர்க்கட்சியில் உட்காரட்டும்.

ஹாஸ்டல் ரூமில் எட்டுப் பேர் பார்த்தோம், ஒருத்தன் பாதியில் தூங்கிவிட்டான், மீதி ஏழு பேருக்குள் விடிய விடியச் சண்டை. என் கட்சி இதுதான். அந்த மனுஷனைக் கேட்காமல் அவர் மண்டைக்குள் ஒரு முழு ஆயுளை இறக்கியிருக்கிறார்கள். கல்யாணம், மனைவி சாவு, பிள்ளைப் பாசம், எல்லாம் 25 நிமிடத்தில். இதை வேறு வில்லன் செய்திருந்தால் சித்திரவதை என்று சொல்லியிருப்போம், புல்லாங்குழல் வாசித்ததால் கவிதை ஆகிவிட்டதா? ரெண்டாவது, ராக்கெட் விடவே இப்போதுதான் கற்றுக்கொண்ட ஊர், ஆயிரம் வருடம் கழித்தும் யாரோ ஒரு அந்நியரின் மூளைக்குள் புகுந்து விளையாடுகிற கருவியை எப்படிச் செய்தது? (“கதையை கதையா பாருடா” என்று என்மேல் தலையணை பறந்தது.)

எனக்கு நிஜமான கோபம் மூன்றாவது விஷயத்தில். அடுத்த எபிசோடில், கப்பலில் வேலை பார்க்கிற டேட்டா என்ற ரோபோ அதிகாரியின் தலை பூமியில் கிடைத்துவிட்டது என்று எல்லாரும் ஓடுகிறார்கள், இவரும் பழைய கேப்டனாகக் கூட ஓடுகிறார். ஒரு ஆயுள் வாழ்ந்துவிட்டு வந்த மனுஷனுக்கு ஒரு வாரம் லீவு கிடையாதா? ஆறாவது சீசனில்தான் மறுபடி அந்தக் குழலை எடுக்கிறார். அதுவரைக்கும் எங்கே வைத்திருந்தார், எலீனை நினைத்தாரா, ஒன்றும் கிடையாது.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். கடைசிக் காட்சியில் அந்தக் கருவிக்குள் கிடைத்த பெட்டியைத் திறந்து குழலை எடுத்து நெஞ்சோடு அணைக்கிறாரே, அங்கே நானும் வாயை மூடிக்கொண்டேன். நடிப்பு என்றால் அது. காமினுக்கு மகனாக நடித்ததும், பிக்கார்டாக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டின் சொந்த மகன் டேனியல்தான், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

ஜோலார்பேட்டையிலிருந்து:

சுருக்கமாக. 2019 ஜூலையில் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் ஏற்றினார்கள், 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். டிவியில் எல்லாம் காட்டினார்கள். அந்த வாரம்தான் நான் இந்த எபிசோடைப் பார்த்தேன். ஊரே காய்ந்து கிடக்கும்போது நடுத்தெருவில் ஒரு மரத்துக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுகிறார்கள் இல்லையா, அதைப் பார்த்து என் அம்மா கேட்டார்கள்: “அந்தத் தண்ணிய யாரும் வந்து கேக்கலையா?”

ஆலங்காயத்திலிருந்து:

நான் பள்ளி ஆசிரியர். காவலூர் வானாய்வகம் எங்களுக்குப் பக்கம், ஜவ்வாது மலை ஏறினால் வந்துவிடும். வைணு பாப்பு பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986-ல் திறந்தார்கள். சின்ன வயதிலிருந்து அந்த வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான்.

மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோது, வரிசையில் நிற்கிற நேரத்தில் சும்மா இருக்காமல் இந்தக் கதையைச் சொன்னேன். எபிசோடு என்றெல்லாம் சொல்லவில்லை, ஒரு ஊர் இருந்தது, அதன் சூரியன் வெடித்துவிட்டது என்று ஆரம்பித்தேன். குளிர், மேலே வானம் முழுக்க நட்சத்திரம். திருவாதிரையைக் காட்டி, இப்போது நீங்கள் பார்க்கிற ஒளி அங்கிருந்து கிளம்பிப் பல நூறு வருடம் ஆகிறது, இன்றைக்கு அது வெடித்திருந்தால்கூட நமக்கு இன்னும் தகவல் வந்திருக்காது என்றேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, மலைக்கிராமத்துப் பிள்ளை, வாயே திறக்காதவள், கேட்டாள்: “அப்ப அங்கருந்தும் யாராவது எதுனா அனுப்பி இருப்பாங்களா சார்?”

பதில் சொல்வதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. அவள் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பின்னால் நிற்கிறவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

மறுபடி நான், அணைக்கட்டு:

எல்லாவற்றையும் படித்தேன். காட்பாடித் தம்பி சொன்னதில் அந்த மூன்றாவது புகார் ரொம்ப நியாயம், முதல் ரெண்டுக்கும் நானும் தலையணைதான் எறிவேன். ஆம்பூர் அக்கா, செருப்பு விஷயம் இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை, மறுபடி பார்க்கணும்.

ஒன்று விட்டுவிட்டேன். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, கரை கொள்ளாமல், அப்போது நைனா பஸ் பிடித்து வேலூருக்கே வந்துவிட்டார், ஆற்றைப் பார்க்க. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாலத்தின்மேல் ஒரு மணி நேரம் நின்றோம். பக்கத்தில் எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு போனது, பேசினால் காது கேட்கவில்லை. திரும்பி வரும்போது, சம்பந்தமே இல்லாமல் கேட்டார்.

“அந்த மொட்டையன் ஊர்ல நடுத்தெருவுல ஒரு மரம் இருந்துச்சே, இன்னா ஆச்சுடா?”

சூரியனே வெடித்துவிட்டது நைனா, மரம் எங்கே இருக்கும் என்றேன்.

“ராக்கெட்டு உட்டாங்க இல்ல, அதுல பீப்பியத்தான் வெச்சாங்களா?”

ஆமாம்.

“ஒரு புடி வெதை வெச்சி அனுப்பி இருக்கலாம்ல?”

முப்பது வருடமாக இந்த எபிசோடை அலசுகிற எந்த ரசிகரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கண்டக்டர் வந்துவிட்டார், டிக்கெட் வாங்குகிற சாக்கில் அன்று தப்பித்தேன். இன்னும் விடவில்லை, போனில் கேட்கிறார். யாரிடமாவது பதில் இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன்.